பார்லோ சாலை: ஆரிகன் காட்டில் பழைய வண்டித்தடத்தின் மேல் ஓட்டிப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் நடுவில் உள்ள மிசௌரியிலிருந்து மேற்குக் கரையில் உள்ள ஆரிகன் வரை சுமார் 3,200 கிலோமீட்டர். ஐந்தாறு மாதம் மாடு பூட்டி வந்த குடியேறிகளுக்குக் கடைசிக் கட்டம்தான் எமனாக இருந்தது. 1845 வரை வண்டிப்பாதை கொலம்பியா ஆற்றங்கரையில், தி டால்ஸ் என்ற இடத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் வண்டியைத் தெப்பத்தில் ஏற்றி, பாறையும் சுழலும் நிறைந்த ஆற்றில் இறங்க வேண்டும். 1843ல் ஆப்பிள்கேட் குடும்பத்துச் சிறுவர்கள் இருவரை அந்த ஆறு கொண்டுபோனது.

1845 இலையுதிர் காலத்தில் அங்கே வந்து சேர்ந்த சாமுவேல் பார்லோ, ஆற்றில் இறங்க மறுத்து, ஹூட் மலையைத் தெற்கே சுற்றி வழி தேடினார். பின்னால் வந்த ஜோயல் பாமர் அவரோடு சேர்ந்துகொண்டார். வழி தெரிகிறதா என்று பார்க்கப் பாமர் பனிச்சரிவில் ஏறினார். காலில் இருந்த தோல் செருப்பு தேய்ந்துபோய்விட, வெறுங்காலோடு ஏறினார். இன்று அந்தப் பனியாற்றுக்கு அவர் பெயர். ஆனால் அந்த ஆண்டு வண்டிகளைக் கொண்டுபோக முடியவில்லை. காட்டிலேயே விட்டுவிட்டு நடந்துதான் போனார்கள். அடுத்த ஆண்டு, 1846ல், பிலிப் ஃபாஸ்டரின் பண உதவியோடு பார்லோ மரம் வெட்டிப் பாதை போட்டு, சுங்கமும் வசூலித்தார்: வண்டிக்கு 5 டாலர், கால்நடைக்குத் தலைக்கு 10 சென்ட்.

அந்தப் பாதையின் ஒரு துண்டு இன்னும் மண் பாதையாகவே, ஒற்றை வண்டி அகலத்தில், ஹூட் மலை தேசியக் காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை எண் 3530. உங்கள் வண்டியில் அதில் போகலாம். 1992ல் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட பாதை இது. இதில் ஓட்ட உரிமை இருப்பதே பெரிய விஷயம். அதைக் காப்பாற்றிக்கொள்வதும் ஓட்டுகிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் திசை

பெரும்பாலோர் போர்ட்லண்டிலிருந்து நேராக, மண் பாதையின் மேற்கு முனையான பார்லோ கணவாய்க்கு வந்து, அங்கிருந்து கிழக்கே இறங்குகிறார்கள். வசதிக்கு அது சரி, நூறு கிலோமீட்டர்தான். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். இரண்டு மணி நேரத்துக்குள் கீழே வந்து, “இவ்வளவுதானா” என்று திரும்பிவிட்டேன். அடுத்த ஆண்டு கிழக்கிலிருந்து, வண்டிகள் வந்த திசையிலேயே வந்தபோதுதான் இந்தப் பாதை எனக்குப் புரிந்தது.

டை பள்ளத்தாக்கில் புறப்பட்டால் முதலில் காய்ந்த புல்வெளி. அப்புறம் ஓக் மரங்கள், அதன்பின் செம்பட்டையோடு போண்டரோசா பைன், இடைவெளி விட்டு விட்டு. வெயில் தரையில் விழும், புல் இருக்கும், மாட்டுக்குத் தீனி உண்டு. மேற்கே ஏற ஏற மரங்கள் நெருங்குகின்றன. டக்ளஸ் ஃபர், ஹெம்லாக்; அடியில் பாசி. வெளிச்சம் குறைகிறது, புல் அற்றுப்போகிறது. ஐந்து மாதம் நடந்து எலும்பும் தோலுமான மாடுகள் இங்கேதான் பட்டினி கிடந்தன. பசியில் ரோடோடென்ட்ரான் புதரின் இலையைத் தின்ற மாடுகள் பல செத்தன. அந்த இலை நஞ்சு. இதையெல்லாம் பலகையில் எழுதியதைப் படிப்பது வேறு, காரின் கண்ணாடி வழியாகப் புல் மறைவதைப் பார்ப்பது வேறு. அதனால் என் முதல் அறிவுரை: கிழக்கிலிருந்து மேற்கே ஓட்டுங்கள். இன்னொரு லாபமும் இருக்கிறது. மண் பாதைப் பகுதி முழுவதும் ஏற்றமாகவே அமைவதால், புதிதாக ஓட்டுகிறவருக்குக் கட்டுப்பாடு எளிது.

எப்போது போகலாம்

கணவாயின் உயரம் 1,268 மீட்டர். ஜூன் மாதத்திலும் நிழலில் பனி கிடக்கும். பனி உருகிய கையோடு போனால் பாதை களிமண்ணாகக் குழைந்திருக்கும். உங்கள் டயர் உண்டாக்கும் பள்ளம் அடுத்த மழையில் ஓடையாகிவிடும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முடிய நல்ல காலம். எனக்குப் பிடித்தது செப்டம்பர் கடைசி. குடியேறிகள் வந்ததும் அந்தப் பருவத்தில்தான். கொசு ஓய்ந்திருக்கும், காற்றில் ஒரு சில்லிப்பு இருக்கும். ஆனால் அக்டோபரில் எந்த நாளும் முதல் பனி விழலாம்.

கோடையில் இன்னொரு கவலை காட்டுத்தீ. கிளம்புவதற்கு முந்தைய நாள் வனத்துறையின் தீக் கட்டுப்பாடுகளைப் பாருங்கள். கடுமையான நாள்களில் நெருப்பு மூட்டத் தடை இருக்கும். வண்டியில் மண்வெட்டி, கோடாலி, தண்ணீர் அல்லது தீயணைப்பான் கட்டாயம் என்றும் சொல்வார்கள். கட்டாயம் இல்லாத நாளிலும் நான் அவற்றை எடுத்துப் போகிறேன். காய்ந்த புல்லின் மேல் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

எந்த வண்டி

கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி, முக்கியம். தாழ்வான செடான் கார் வேண்டாம். 4ரன்னர், டகோமா, ராங்லர் போன்ற உயரமான வண்டிகள் தாராளமாகப் போகும். காய்ந்த பருவத்தில் ஃபாரஸ்டர், அவுட்பேக் போன்ற ஆல் வீல் டிரைவ் வண்டிகளைக் கவனமாக ஓட்டினால் போய்விடலாம், அடியில் ஒன்றிரண்டு உரசல் கேட்கும். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துச் சுழலவைக்கும் லாக்கர் எதுவும் தேவையில்லை. வண்டியின் அகலத்தைத்தான் யோசியுங்கள். சில இடங்களில் இரண்டு ஹெம்லாக் மரங்களுக்கு நடுவே புகுந்து போக வேண்டும். பெரிய பிக்கப் என்றால் பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கிக்கொள்ளுங்கள்.

டயரை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஆல் டெரெய்ன் டயர் இருந்தால் நல்லது, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். மேலே சொன்ன இரண்டாவது பயணத்தில், சாய்ந்த மரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கிளைக்குச்சி ஒன்று என் டயரின் பக்கச்சுவரைக் கிழித்தது. விரல் மொத்தம்தான் இருந்தது அந்தக் குச்சி. பக்கச்சுவர் கிழிந்தால் பிளக் அடைத்துச் சரிசெய்ய முடியாது. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதில் பாதிக் காற்றுதான். கையில் கம்ப்ரஸர் இருந்ததால் இருட்டுவதற்குள் வெளியே வந்தோம்.

என்னென்ன எடுத்துக்கொள்வது

காற்றழுத்தமானி, சிறிய கம்ப்ரஸர், டயர் பிளக் கிட். இழுவைப் பட்டையும், அதை வண்டியில் மாட்ட இரண்டு ஷேக்கிளும் (இரும்பு வளையம்). வண்டியில் இழுக்கும் கொக்கி எங்கே என்பதைக் கிளம்பும் முன்பே குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல கைரம்பம், கையுறை. ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க அடியில் வைக்க ஒரு பலகை. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். ஒரு இரவைக் காட்டில் கழிக்க நேர்ந்தால் போர்த்திக்கொள்ளக் கம்பளி.

பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று இருக்கட்டும். வனத்துறையின் மோட்டார் வாகன வரைபடத்தை இலவசமாகப் போனில் இறக்கிக்கொள்ளலாம். எந்தக் கிளைப்பாதையில் வண்டி அனுமதி, எதில் இல்லை என்பதற்கு அதுதான் சட்டபூர்வமான சான்று. கூடவே காகித வரைபடமும் ஒன்று. யார் எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பாதை

பெட்ரோலைத் தி டால்ஸில் நிரப்புங்கள். அங்கிருந்து 197ஆம் நெடுஞ்சாலையில் டஃபர் வழியாகத் தெற்கே வந்தால் டை பள்ளத்தாக்கு, பிறகு வாமிக். வாமிக் சின்ன ஊர், காட்டின் வாசல். இதற்கு மேற்கே உள்ள ஓடையின் பெயர் கேட் கிரீக். முதல் சுங்கச்சாவடி இங்கே இருந்ததால் வந்த பெயர் அது. ஐந்து டாலர் என்பது அன்றைக்குப் பெரிய தொகை. நாடு முழுக்கக் கடந்து கையில் காசற்று வந்தவர்கள் போர்வையையும் மாட்டையும் அடகாகக் கொடுத்துப் போயிருக்கிறார்கள்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கிழக்குப் பக்கத்தில் இந்தப் பாதை பார்லோ கண்டுபிடித்தது அல்ல. டை, வாஸ்கோ பழங்குடி மக்கள் மீன்பிடிக்கும் இடங்களுக்கும் ஹக்கிள்பெர்ரிக் காட்டுக்கும் நடந்து நடந்து உண்டான தடங்களைத்தான் அவர் அகலப்படுத்தினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1855ல், அந்த மக்களின் நிலத்தின் பெரும்பகுதியை எழுதி வாங்கிய ஒப்பந்தத்தை அரசின் சார்பில் நடத்தியவர் அதே ஜோயல் பாமர். அவர்களுக்கு மிஞ்சிய வார்ம் ஸ்பிரிங்ஸ் நிலம் இங்கிருந்து தெற்கே இருக்கிறது. இந்தச் சாலையில் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போவதுதான் நியாயம்.

வாமிக்கிலிருந்து மேற்கே இரண்டு வழி. பழைய தடத்தை ஒட்டிய 3530ன் கிழக்குப் பகுதி வெள்ளை ஆற்றை நோக்கி இறங்குகிறது. கரடுமுரடு, ஆளரவம் குறைவு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது 48ஆம் எண் தார்ச்சாலை. அதில் வந்து 43ல் திரும்பினால் பார்லோ கிராஸிங் முகாம். பார்லோ ஓடை வெள்ளை ஆற்றில் கலக்கும் இடம். ஆற்றுத் தண்ணீர் பால் கலந்ததுபோல் இருக்கும். மலைமேல் பனியாறு அரைத்த கல்மாவு அது. வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் ஆறு பெருகும். காலையில் கணுக்கால் அளவு இருந்த இடத்தில் மாலையில் கால் வைக்கத் தயங்குவீர்கள்.

இங்கிருந்து 3530 வடமேற்கே கணவாய்க்கு ஏறுகிறது. பத்து மைலைத் தாண்டாது. அரைநாள் ஒதுக்குங்கள்.

ஓட்டும் முறை

முகாமிலேயே காற்றைக் குறையுங்கள். சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் இங்கே 22 முதல் 25. டயரின் தரைபடும் பரப்பு நீள்வதால் பிடிமானம் கூடும், கல்லின் முனை குத்தும் விசை குறையும், முதுகும் பிழைக்கும். அதற்குக் கீழே இந்தப் பாதைக்குத் தேவையில்லை.

ஃபோர் லோ (நான்கு சக்கர இயக்கத்தின் குறைவேக கியர்) இருந்தால் போட்டுவிடுங்கள். மணிக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர் போதும். மாட்டுவண்டி போனது அதில் பாதிக்கும் குறைவான வேகத்தில். அந்த வேகத்துக்குப் பக்கத்தில் போனால்தான் எதுவும் கண்ணில் படும். ஸ்டியரிங்கில் கட்டை விரலை உள்ளே கோக்காமல் வெளியே வையுங்கள். சக்கரம் கல்லில் மோதித் திடீரெனத் திரும்பினால் விரல் முறியும்.

பள்ளம் வந்தால் அதற்குள் இரு சக்கரங்களையும் இறக்காதீர்கள். ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும் மறுபக்கத்தை ஓர மேட்டிலும் வைத்து, பள்ளத்தைக் கவட்டையில் விட்டுப் போங்கள். கல் வந்தால் டயரை அதன்மேல் ஏற்றுங்கள், வண்டியின் அடிவயிற்றுக்கு நேராக விடாதீர்கள். வேர்கள் குறுக்கே ஓடும் இடத்தில், ஈரமாக இருந்தால், நேராகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் வேரின்மேல் டயர் சோப்புக்கட்டியாய் வழுக்கும்.

சந்தேகம் வந்தால் இறங்கி நடந்து பாருங்கள். கூட வந்தவரை முன்னால் நிற்கவைத்து வழிசொல்லச் சொல்லுங்கள். ஆனால் ஒருவர்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை நண்பர்கள் மூவரும் ஒரே நேரத்தில் கையசைக்க, நான் நடுவில் நின்றுபோனேன். கடைசியில் இளையவன் ஒருவன் மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, “அண்ணே, என் கையை மட்டும் பாருங்க. டிரைவர் சைடு, இன்னும் கொஞ்சம், இன்னும்… வாங்க, வாங்க, நேரா” என்று கொண்டுபோய்ச் சேர்த்தான். ‘இடது, வலது’ என்பதை விட ‘டிரைவர் பக்கம், பக்கத்து சீட் பக்கம்’ என்று சொல்வது குழப்பம் தராது. எதிரே நிற்பவருக்கு இடம் வலம் மாறிப்போகும்.

சேற்றுக்குட்டை குறுக்கிட்டால் ஒரு குச்சியால் ஆழம் பார்த்து, நடுவாக, நிதானமாகக் கடந்து போங்கள். சுற்றிப் போக நினைத்து ஓரத்தில் புதுத் தடம் போடாதீர்கள். ஓரமாகத் தெரிகிற புல் மேடுதான் பல இடங்களில் 1846ன் உண்மையான வண்டித்தடம்.

எதிரே வண்டி வந்தால், ஏறுகிறவருக்கே முதல் வழி. நீங்கள் ஏறுகிறீர்கள் என்றாலும், ஒதுங்க இடம் உங்கள் பின்னால் பக்கத்திலேயே இருந்தால் நீங்களே பின்வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பின்னால் போகும்போது ஒருவர் இறங்கி நின்று பார்க்கட்டும். பாசி மூடிய அடிமரங்கள் கண்ணாடியில் தெரியாது.

சாய்ந்து கிடக்கும் மரம் இந்தப் பாதையில் சாதாரணம். தொடை மொத்தத்துக்குள் இருந்தால் ரம்பம் போடலாம். அறுக்கும் முன் மரம் எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள்; விறைத்து நிற்கும் மரம் அறுபட்டதும் காலை நோக்கி உதறும். அதைவிடப் பெரியது என்றால் திரும்பிவிடுங்கள்.

தடத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பாதையில் பார்லோ கிரீக், கிரைண்ட்ஸ்டோன், டெவில்ஸ் ஹாஃப் ஏக்கர் என்று சிறு முகாம்கள் வரும். கடைசியாகச் சொன்னது காட்டுக்கு நடுவே ஒரு புல்வெளி. இருண்ட மரங்களுக்குள்ளிருந்து சட்டென்று திறந்த வெளிச்சத்தில் வந்து விழும்போது, மாடு வைத்திருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தோன்றும்.

எங்காவது இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள். இப்போதைய பாதைக்கு இணையாக, பத்திருபது அடி தள்ளி, காட்டுக்குள் ஒரு வாய்க்கால்போல் ஓடுவதைத் தேடுங்கள். நான் பார்த்த ஒன்று இடுப்பளவு ஆழம். அடி வட்டமாக, தொட்டில்போல. பாசி மெத்தென்று மூடியிருந்தது. அழுத்தினால் முழங்கை வரை உள்வாங்கியது. நடுவில் ஒரு ஹெம்லாக் முளைத்து, இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமனுக்கு வளர்ந்து நின்றது. தண்ணீர் அரித்த ஓடை வளைந்து வளைந்து போகும். இது மேட்டை நோக்கி நேராக ஏறியது. இரும்புப் பட்டாச் சக்கரங்களும் மாட்டுக் குளம்புகளும் உண்டாக்கிய பள்ளம் அது.

இதற்குள் வண்டியை இறக்கவே கூடாது. துருப்பிடித்த சங்கிலித் துண்டோ ஆணியோ கிடைத்தால் போட்டோ எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளைத் தேசியக் காட்டிலிருந்து தோண்டி எடுப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மெட்டல் டிடெக்டரோடு வந்து ஓரிரவில் சுரண்டிப் போகிறவர்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கணவாய்க்கு அப்பால்

மேலே ஏறி வந்ததும் நிறுத்தும் இடத்தில் டயருக்குக் காற்றை ஏற்றுங்கள். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு பார்வை: பிரேக் குழாய், எண்ணெய்க் கசிவு, எங்காவது சிக்கிய குச்சி.

கணவாய்க்கு அருகே 3531ஆம் சாலையில் ஒரு கல்குவியல் இருக்கிறது. 1924ல் நெடுஞ்சாலை போட்டவர்கள் தோண்டியபோது, வண்டிப் பலகையால் செய்த பெட்டியில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. பெயர் தெரியவில்லை. அங்கேயே திரும்ப அடக்கம் செய்தார்கள். வருகிறவர்கள் ஒரு கல் வைத்துவிட்டுப் போகிறார்கள், குச்சியில் சிலுவை கட்டி நடுகிறார்கள். நீங்களும் ஒரு கல் வையுங்கள்.

இனி தார்ச்சாலைதான். கவர்ன்மெண்ட் கேம்ப் என்ற ஊரைத் தாண்டி, 26ஆம் நெடுஞ்சாலையிலேயே லாரல் குன்றின் பலகை வரும். நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் ஏறிப் பாருங்கள். ரோடோடென்ட்ரானை லாரல் என்று தவறாக எண்ணி வைத்த பெயர். கற்கள் சரிந்து கிடக்கும் செங்குத்தான ஒரு சறுக்கு. இதில்தான் வண்டிகளை இறக்கினார்கள். நம் ஊர் வண்டிக்காரர் இறக்கத்தில் முட்டுக்கட்டை போடுவார். இங்கே முட்டுக்கட்டை நிற்காது. வண்டியின் பின்னச்சில் கயிறு கட்டி, மேலே நிற்கும் மரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக விட்டார்கள். சிலர் வெட்டிய மரத்தைக் கிளையோடு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கவிட்டார்கள். இறக்கத்தில் நாம் ஃபோர் லோவில் முதல் கியரில் பிரேக்கைத் தொடாமல் ஊர்வோமே, அதே வேலையைத்தான் அந்த மரம் செய்தது.

ரோடோடென்ட்ரான் ஊருக்குப் பக்கத்தில் கடைசிச் சுங்கச்சாவடியின் மாதிரி நிற்கிறது. இந்தச் சாலையை 1912ல் தன் பணத்தில் வாங்கியவர் ஹென்றி வெம்மி, 1899ல் போர்ட்லண்டுக்கு முதல் மோட்டார் காரைக் கொண்டுவந்தவர். மாட்டுவண்டிப் பாதையை மோட்டாருக்காகச் செப்பனிட்டார். அவர் இறந்தபின், 1919ல், சாலை ஆரிகன் மாநிலத்துக்குச் சொந்தமானது. 

நேரம் இருந்தால் ஈகிள் கிரீக்கில் ஃபாஸ்டரின் பண்ணைக்குப் போங்கள். மலையிலிருந்து இறங்கியவர்களுக்கு முதல் சுடுசோறும் மாட்டுக்கு முதல் புல்லும் கிடைத்த இடம். திறந்திருக்கும் நாளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு முன்னால் ஒரு லைலாக் செடி நிற்கும். ஃபாஸ்டரின் மனைவி மேரி சார்லட், கிழக்குக் கோடியில் மெய்ன் மாநிலத்திலிருந்து கொண்டுவந்து 1843ல் நட்டது. வசந்த காலத்தில் இன்னும் பூக்கிறது.